இழந்த கால் மீண்டும் வளருமா? எலும்பு மருத்துவம் போகும் திசை

விபத்தில் கால் நசுங்கி, முழங்காலுக்குக் கீழே அதை அகற்ற வேண்டியிருந்த ஓர் இளைஞரின் குடும்பத்தார் கேட்ட கேள்விக்கான பதில் இது. இன்னும் இருபது ஆண்டுகளில் இழந்த காலை மீண்டும் வளர வைக்கும் மருத்துவம் வந்துவிடுமா, வருமென்றால் இப்போது செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைகளும் செயற்கைக் காலும் பிற்பாடு அதற்குத் தடையாகிவிடுமா, அதுவரை காத்திருப்பது நல்லதா என்பதே அவர்கள் கேட்டது.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எலும்பும் தசையும் நரம்பும் தோலும் சேர்ந்த ஒரு முழுக்கால் மனித உடலில் இருபது ஆண்டுகளுக்குள் வளர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இப்போது செய்வது எதுவும் அதற்குத் தடையும் ஆகாது. ஆனால் இழந்த கால் செய்துவந்த வேலையைத் திரும்பப் பெறுவதில், நடப்பதிலும் தரையை உணர்வதிலும் வலியின்றி இருப்பதிலும், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் மிகப் பெரியது. அந்த மாற்றத்தின் மையம் செயற்கைக் காலுக்குள் இருக்கும் மோட்டாரோ கணினியோ அல்ல. காலை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது எஞ்சிய நரம்பையும் தசையையும் எலும்பையும் அறுவை மருத்துவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது. இந்தப் பதில் நீள்வதற்கு அதுவே காரணம்.

வளர்வதைப் பற்றி முதலில் பார்ப்போம். இயற்கையில் அது நடக்காத காரியம் அல்ல. சாலமாண்டர் இனத்தைச் சேர்ந்த ஆக்ஸலாட்டல் என்ற மெக்சிகோ நீர்வாழ் விலங்கின் காலை எந்த இடத்தில் வெட்டினாலும், எலும்பு, தசை, நரம்பு, விரல்கள் எல்லாம் அளவு பிசகாமல் திரும்ப வளர்ந்துவிடுகின்றன. சாலமாண்டர்களின் இந்தத் திறனை இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி 1768-இலேயே எழுதிவைத்திருக்கிறார். வெட்டிய இடத்தை உற்றுக் கவனித்தால் நடப்பது இது. ஒரு நாளுக்குள் சுற்றிலும் உள்ள மேல்தோல் செல்கள் நகர்ந்துவந்து காயத்தை மூடுகின்றன. அந்த மேல்தோல் பல அடுக்குகளாகத் தடிக்கிறது. அறுபட்ட நரம்பு இழைகள் அதை நோக்கி வளர்ந்து உள்ளே நுழைகின்றன. நம் உடலாக இருந்தால் அடுத்து அங்கே தழும்பு உருவாகும். ஆக்ஸலாட்டலிலோ, பக்கத்திலுள்ள இணைப்புத்திசு செல்கள் தம் முதிர்ந்த நிலையை விட்டு இறங்கி, பெருகி, பிளாஸ்டிமா எனப்படும் சிறு கூம்பாகத் திரள்கின்றன. புதிய கால் அந்தக் கூம்பிலிருந்துதான் உருவாகிறது.

எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய மாயச் செல்கள் அந்தக் கூம்பில் இருக்கின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. உயிரியலாளர் எல்லி டனாகாவின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது: தசையிலிருந்து வந்த செல்கள் தசையைத்தான் உண்டாக்குகின்றன, நரம்பு உறையிலிருந்து வந்தவை நரம்பு உறையைத்தான் உண்டாக்குகின்றன; ஒவ்வொரு செல்லும் தான் வந்த இடத்தை மறப்பதில்லை. மனிதருக்கு இது நல்ல செய்தி என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் எல்லாம் வல்ல ஏதோ ஒரு செல்லை உருவாக்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இதனால் நீங்குகிறது.

வளர்ச்சிக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. போதிய எண்ணிக்கையில் நரம்பு இழைகள் இல்லாவிட்டால் பிளாஸ்டிமா வளராது என்பதை மார்கஸ் சிங்கர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே காட்டிவிட்டார். காயத்தைத் துப்புரவு செய்யும் மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை நீக்கிவிட்டால் ஆக்ஸலாட்டலின் காலும் நம்முடையதைப் போலவே தழும்பேறி நின்றுவிடுகிறது. அச்செல்கள் திரும்பி வந்தபின் மறுபடி வெட்டினால் வளர்கிறது. 2013-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பில், ஒரு முறை தழும்பாகி ஆறிப்போன இடமும் நிரந்தரமாக மூடப்பட்ட கதவு அல்ல என்ற செய்தி அடங்கியிருக்கிறது. தடையாகுமா என்று கேட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நிபந்தனைதான் மிகக் கடினமானது: வெட்டுப்பட்ட இடம் மணிக்கட்டா, முழங்கையா, தோளா என்பதைச் செல்கள் அறிந்திருக்க வேண்டும். மணிக்கட்டில் வெட்டப்பட்ட ஆக்ஸலாட்டலுக்கு வைட்டமின் ஏ சார்ந்த வேதிப்பொருளைக் கொடுத்தபோது, மணிக்கட்டிலிருந்து மேற்கை தொடங்கி ஒரு முழுக்கை வளர்ந்ததை 1982-இல் மால்கம் மேடன் வெளியிட்டார். அதாவது, செல்களின் இட அறிவை ஒரு மருந்தால் மாற்ற முடிந்தது. வைட்டமின் ஏ-யிலிருந்து உடலில் உண்டாகும் ரெட்டினோயிக் அமிலம் எந்த இடத்தில் எவ்வளவு சிதைக்கப்படுகிறது என்பதே தோளையும் கையையும் வேறுபடுத்துகிறது என்று 2025-இல் ஒரு குழு விளக்கியது. அதே ஆண்டில் டனாகாவின் குழு, கட்டைவிரல் பக்கம் எது, சுண்டுவிரல் பக்கம் எது என்ற நினைவு சில மரபணுக்களின் சுழற்சியில் பதிந்திருப்பதைக் காட்டியது. ரெட்டினோயிக் அமிலமும் அந்த மரபணுக்களும் நம்மிடமும் உண்டு. கருவில் நம் கைகால்களை உருவாக்கியவற்றுள் அவையும் அடங்கும்.

அப்படியானால் மனிதரில் ஏன் முடியாது என்று நான் சொல்கிறேன்? அளவும் காலமும்தான் காரணம். மனிதக் கருவில் கைமொட்டு நான்காம் வாரத்தில் தோன்றி, எட்டாம் வார முடிவுக்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. அந்த வடிவமைப்பு தொடங்கும்போது கையின் நீளமே சில மில்லிமீட்டர்தான். செல்களுக்கு வழிகாட்டும் வேதிச் சைகைகள் அந்தச் சிறு தூரத்துக்குள் பரவி வேலை செய்யக்கூடியவை. அந்தச் சிற்றுறுப்பு வளர்ந்த மனிதனின் கையாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தொடையின் குறுக்களவில் அதே சைகைகள் எப்படிப் பரவும் என்பதற்கு இன்றுவரை யாரிடமும் விடை இல்லை. நரம்பின் கதையோ இன்னும் கடினமானது. அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து விரல்நுனிக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் என்றால், அது போய்ச் சேர இரண்டு ஆண்டுகள் ஆகும். நரம்புத் தொடர்பு இல்லாத தசையோ ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாதபடி சுருங்கி நாராகிவிடும். நரம்பு வந்து சேர்வதற்குள் தசை போய்விடுகிறது.

இதற்கு எதிரான சான்றும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. மான்கள் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிதாக வளர்க்கின்றன. பெரிய மான் இனங்களில் கொம்பு நாளொன்றுக்கு இரண்டு சென்டிமீட்டர்கூட நீளும். எலும்போடு தோலும் இரத்தக்குழாயும் நரம்பும் கூடவே ஓடி வளர்கின்றன. பாலூட்டி ஒன்றின் உடலில் இவ்வளவு வேகமான மறுவளர்ச்சி நடக்கும் என்பதே பெரிய நம்பிக்கை. ஆயினும் கொம்பில் தசையும் இல்லை, மூட்டும் இல்லை.

நம் உடலிலும் ஒரு சிறு மூலையில் இந்தத் திறன் எஞ்சியிருக்கிறது. குழந்தைகளின் விரல்நுனி நகக்கண்ணின் அளவுக்குள் துண்டிக்கப்பட்டால், தைத்து மூடாமல் ஈரப்பதம் காக்கும் கட்டுப் போட்டு விட்டாலே நகமும் சதையும் ரேகையும் சேர்ந்து பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வளர்ந்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பணியாற்றிய சிந்தியா இல்லிங்வொர்த் 1974-இல் இதைப் பதிவு செய்தார். பெரியவர்களிடமும் இது ஓரளவு நடக்கிறது. எலியிலும் இப்படித்தான்: நகம் இருக்கும் கடைசி எலும்புத்துண்டின் நுனி வளரும், அதற்கு முந்தைய துண்டில் வெட்டினால் தழும்புதான். அந்தத் தழும்பேறும் இடத்தில் பிஎம்பி-2, பிஎம்பி-9 என்ற இரு எலும்பு வளர்ச்சிப் புரதங்களைக் கொடுத்து, எலும்போடு ஒரு மூட்டின் அமைப்பையும் எலியின் விரலில் தோன்றச் செய்ததாக அமெரிக்காவின் டெக்சாஸில் கென் முனியோகாவின் குழு 2019-இல் காட்டியது. தவளையின் பின்னங்காலை அகற்றி, வெட்டிய முனையில் ஐந்து மருந்துகள் கலந்த பட்டுப்புரதக் கூழைச் சிலிக்கோன் மூடிக்குள் 24 மணி நேரம் மட்டும் வைத்து, பிறகு 18 மாதம் கவனித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சாதாரணமாக ஒரு முள் போன்ற குருத்தெலும்பு மட்டுமே வளரும் அத்தவளைகளில், எலும்பும் நரம்பும் கொண்ட, கால் போன்ற உறுப்பு வளர்ந்தது; விரல்களின் சாயல் இருந்தது, ஆனால் அந்த விரல்களுக்குள் எலும்பு முழுமையாக இல்லை. ஒரு நாள் கொடுத்த தூண்டுதல் ஒன்றரை ஆண்டு வளர்ச்சியைத் தொடங்கி வைத்தது என்பதுதான் இதில் என்னை ஈர்க்கும் செய்தி. மனிதரில் முதலில் வரப்போவதும் இப்படி ஒன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு: விரலின் ஒரு கணு, ஒரு மூட்டின் துண்டு, நகத்தோடு சேர்ந்த நுனி.

முழு உறுப்பு என்ற கனவிலிருந்து சற்று இறங்கி, திசுக்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் படம் வேறு. எலும்பு தழும்பில்லாமல் ஆறும் அரிய திசு. முறிந்த இடத்தில் மீண்டும் எலும்பே உருவாகிறது. அந்த இயல்பை நீட்டிப் பயன்படுத்தியவர் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ். அவரது முறையில் எலும்பைக் கவனமாக வெட்டி, காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்தி, மெல்லிய கம்பிகளால் எலும்போடு பிணைக்கிறார்கள். சில நாள் கழித்து நோயாளியே மரையைத் திருகத் தொடங்குகிறார்: ஒரு முறைக்கு கால் மில்லிமீட்டர், நாளுக்கு நான்கு முறை, ஆக 1 மில்லிமீட்டர். வேகமாக இழுத்தால் இடைவெளியில் நார்த்திசு நிரம்பிவிடும். மிக மெதுவாக இழுத்தால் எலும்பு அவசரமாகக் கூடிவிடும். சரியான வேகத்தில் இழுக்கப்படும்போது எலும்போடு தோலும் இரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து நீள்கின்றன. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல அறுவை சிகிச்சைகள் கைகொடுக்காத நிலையில் 1968-இல் இலிசாரோவிடம் சிகிச்சை பெற்றுத் தேறினார். காலை அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கைவிடப்பட்ட எத்தனையோ கால்களை இந்த முறை காப்பாற்றியிருக்கிறது. இழந்த உறுப்பை மீட்பது என்று பேசும்போது, இழக்காமல் காத்த உறுப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெரும் பிழை. இப்போது அதே தத்துவத்தில் எலும்புக்குள்ளேயே வைக்கப்பட்டு, வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டப்படும் கம்பிகளும் வந்துவிட்டன.

எலும்பை வளர வைக்கும் புரதம் எலும்புக்குள்ளேயே இருக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் காட்டியதன் பயன் 2002-இல் மருந்தாக வந்தது. கழுத்து முதுகெலும்பில் பயன்படுத்தியபோது ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதால் 2008-இல் எச்சரிக்கையும் வந்தது. வளர்ச்சியைத் தூண்டும் எதற்கும் எல்லை மீறும் குணம் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று. எலும்பு வளர்ச்சிக்குத் தடை போடும் ஸ்கிளரோஸ்டின் என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களின் எலும்பு அசாதாரண அடர்த்தியோடு இருப்பதைக் கண்டு, அப்புரதத்தை மறிக்கும் ரோமோசோசுமாப் என்ற மருந்து எலும்புத் தேய்மானத்துக்கு 2019-இல் ஒப்புதல் பெற்றது. குருத்தெலும்பில் முன்னேற்றம் மெதுவானது. ஒருமுறை அழிந்தால் குருத்தெலும்பு மீளாது என்று வில்லியம் ஹன்டர் 1743-இல் எழுதியது, பெருமளவுக்கு இன்றும் உண்மை. நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே எடுத்து, வெளியில் பெருக்கி, மீண்டும் வைக்கும் முறையை ஸ்வீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்டார்கள். இளையவர்களின் முழங்காலில் ஏற்படும் சிறு பள்ளங்களுக்கு அது பயன்படுகிறது, முழு மூட்டும் தேய்ந்தவருக்கு அல்ல.

துண்டான உறுப்பை மீண்டும் இணைப்பதும், மற்றவரிடமிருந்து பெற்றுப் பொருத்துவதும் வேறொரு வழி. 1962-இல் பாஸ்டனில் ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு, ரயிலில் அடிபட்டுத் துண்டான ஒரு சிறுவனின் முழுக்கையை மீண்டும் இணைத்தது. இதில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: துண்டான பாகத்தைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும், பனிக்கட்டியில் நேரடியாக வைத்தால் திசு உறைந்து அழிந்துவிடும். தசை நிறைந்த பாகமென்றால் ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். இறந்தவரின் கையைப் பெற்றுப் பொருத்தும் சிகிச்சை இன்றைய வடிவில் 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது. முதலில் பெற்றவர் அந்தக் கையைத் தன்னுடையதாக ஏற்க முடியாமல், மருந்தையும் நிறுத்திவிட்டு, 2001-இல் அகற்றிக்கொண்டார். பின்வந்த பலர் அக்கைகளால் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுதும் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்ண வேண்டும். அதன் விளைவாகச் சிறுநீரகப் பாதிப்பும் தொற்றும் புற்றுநோயும் வரக்கூடும். இரு கைகளையும் இழந்தவருக்கு அந்த விலை தகும். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவருக்குத் தகாது என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்த இளைஞருக்கு நேரடியாகப் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காலை அகற்றும் அறுவை, தோல்வியின் கடைசிக் கட்டமாகவே பார்க்கப்பட்டது. எலும்பை அறுத்து, நரம்பை இழுத்து வெட்டி உள்ளே ஒதுங்கவிட்டு, தசையை மடித்துத் தைத்து, தோலை மூடிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வெட்டப்பட்ட நரம்பு ஓய்வதில்லை. வளர்ந்து சேர இடம் தேடி, எதுவும் கிடைக்காமல், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நியூரோமா என்ற முடிச்சாகிறது. அதன் மேல், செயற்கைக் காலில் எஞ்சிய காலைச் செருகும் கிண்ணமான சாக்கெட் அழுந்தும்போது மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி எழுகிறது; இல்லாத பாதத்தில் எரிச்சலும் தோன்றுகிறது. அந்த வலியால் செயற்கைக் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டவர்கள் ஏராளம்.

சிகாகோவில் டாட் குய்க்கனும் கிரெகரி டுமேனியனும் 2002-இல் செய்தது இந்தச் சிந்தனையையே மாற்றியது. தோளோடு கையை இழந்தவரின் கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகளை, வேலையற்றுப் போன மார்புத் தசைகளுக்குத் திருப்பி இணைத்தார்கள். சில மாதங்களில் நரம்பு அந்தத் தசையில் வேர்விட்டது. அவர் கையை மூட நினைத்தால் மார்பின் ஒரு பகுதி சுருங்கும். தோல்மேல் வைத்த மின்முனைகள் அதைப் படித்துச் செயற்கைக் கையை மூடும். எதிர்பாராத பயன் இன்னொன்றும் கிடைத்தது: போய்ச்சேர இடம் கிடைத்த நரம்பு முடிச்சாவதில்லை, வலியும் குறைகிறது. நீண்டகால வலியால் அவதிப்பட்ட 28 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு, பழைய முறையில் நியூரோமாவை அகற்றுவதைவிட இந்த முறையில் வலி அதிகம் குறையும் போக்கைக் காட்டியது. கட்டுப்பாட்டுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட முறை, இன்று வலியைத் தவிர்ப்பதற்காகவே கால் அகற்றும் நாளிலேயே செய்யப்படுகிறது.

தசையைப் பற்றிய சிந்தனையும் மாறிவிட்டது. நம் தசைகள் இணை இணையாக வேலை செய்பவை. பாதத்தை மேலே தூக்கும் தசை சுருங்கும்போது கீழே அழுத்தும் தசை நீள்கிறது, அந்த நீட்சியிலிருந்துதான் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலேயே மூளை அறிகிறது. பழைய முறையில் காலை அகற்றும்போது இந்த இணை அறுந்துபோகிறது. மலையேற்றத்தில் பனியால் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவரும் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஹ்யூ ஹெர், பாஸ்டன் அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து, எஞ்சிய இரு தசைகளையும் முனையோடு முனை இணைத்து அந்தச் சோடியை மீட்கும் அறுவையை உருவாக்கினார். மனிதரில் முதல் அறுவை 2016-இல் நடந்தது. அப்படிச் செய்துகொண்ட ஏழு பேரையும், வழக்கமான அறுவை செய்துகொண்ட ஏழு பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மூளையின் கட்டளைப்படி இயங்கும் கணுக்காலைப் பொருத்தியபோது, முதல் குழுவினரின் உச்ச நடைவேகம் 41 சதவீதம் கூடுதலாக இருந்தது. படியேறும்போது பாதத்தின் முனையைத் தாமாகவே உயர்த்தினார்கள். இயல்பான உணர்வுச் சைகைகளில் ஐந்தில் ஒரு பங்குகூட மீளாத நிலையில் இது சாத்தியமாயிற்று. நரம்பு மண்டலம் கொஞ்சம் கிடைத்தாலும் அதை வைத்து எவ்வளவு செய்துகொள்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தோன்றுகின்றன. சிறு ஆய்வுதான், எண்ணிக்கை பெருக வேண்டும். ஆனால் எலும்பு மருத்துவத்தின் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் இந்த ஆய்வைத்தான் காட்டுவேன்.

நரம்புக்கும் தசைக்கும் அடுத்து, மூன்றாவதாக எலும்பு. சாக்கெட்டை நாள் முழுதும் அணிபவர்களுக்குத் தெரியும்: காலையில் சரியாக இருந்தது மாலையில் தளர்ந்துவிடும், எஞ்சிய கால் சுருங்கச் சுருங்க உறைமேல் உறையாக மாட்டிக்கொள்ள வேண்டும், வியர்வையில் தோல் உரிந்து புண்ணாகும். டைட்டானியத்தோடு எலும்பு பிரிக்க முடியாதபடி ஒன்றிவிடும் என்பதைப் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் கண்டறிந்தார். அது முதலில் பல் மருத்துவத்துக்குப் பயன்பட்டது. 1990-இல் கோத்தன்பர்க்கில், தொடையெலும்புக்குள் டைட்டானியத் தண்டைப் பதித்து, அதன் முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, செயற்கைக் காலை நேராக எலும்போடு பூட்டினார்கள். சாக்கெட்டே தேவையில்லை; அதோடு, நடக்கும்போது தரை கல்லா புல்லா என்பதன் அதிர்வு எலும்பு வழியாகவே தெரிகிறது. தோலைத் துளைத்து வரும் இடத்தில் தொற்று ஏற்படுவது இதன் பெருங்குறை. மேலோட்டமான தொற்று அடிக்கடி வரும், எலும்புவரை போகும் தொற்று அரிதெனினும் ஆபத்தானது. அதே தண்டின் வழியே கம்பிகளைச் செலுத்தி, உள்ளேயுள்ள நரம்போடும் தசையோடும் செயற்கைக் கையை இணைத்து, நான்கு பேர் 3 முதல் 7 ஆண்டுகள் அன்றாட வாழ்வில் பயன்படுத்தியதை மாக்ஸ் ஓர்டிஸ்-கட்டலானின் குழு 2020-இல் வெளியிட்டது. பொருளைப் பிடிக்கும்போது அதைத் தொடும் உணர்வும் அவர்களுக்கு இருந்தது. எலும்பில் பதித்த தண்டையும் தசைச் சோடியையும் ஒன்றாக்கிய செயற்கை முழங்காலை ஹெரின் குழு 2025-இல் அறிமுகப்படுத்தியது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது என்னை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். புதிய முறைகளில் பெரும்பாலானவை விபத்தில் உறுப்பிழந்த, மற்றபடி நலமாக உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டவை. ஆனால் பல நாடுகளில் கால் இழப்போரில் பெரும்பாலானோர் நீரிழிவாலும் இரத்தக்குழாய் அடைப்பாலும் இழப்பவர்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் எலும்புத் தண்டைப் பதிக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அவர்களுக்குத் தினமும் பாதத்தைப் பார்ப்பதும், சிறு புண்ணைத் தொடக்கத்திலேயே ஆற்றுவதும், அடைப்பை நேரத்தில் திறப்பதும் எந்த எந்திரக் காலையும்விடப் பெரிய மருத்துவம். துணைக்கருவிகள் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேர், அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அவை எட்டவில்லை என்று உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022-இல் கூறின. எளிய, நன்றாகப் பொருந்தும் ஒரு செயற்கைக் கால்கூடக் கிடைக்காதவர்களை விட்டுவிட்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டெம் செல் ஊசியால் உறுப்பை வளர்த்துத் தருவதாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு சிகிச்சை உலகில் எங்கும் இல்லை. பணத்தோடு, தொற்றால் எஞ்சிய காலின் நீளமும் போகலாம்.

அந்த இளைஞரின் குடும்பத்தாருக்கு இனி நான் சொல்லக்கூடியது இதுதான். அறுவை இன்னும் நடக்கவில்லையென்றால், நரம்புகளை அருகிலுள்ள தசைகளில் இணைக்க இயலுமா, இணைத்தசைகளைப் பிணைக்க இயலுமா, முழங்கால் மூட்டையும் எலும்பின் நீளத்தையும் எவ்வளவு காக்க இயலும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். உயிர் காக்கும் அவசரத்தில் முதல் அறுவை நடந்து முடிந்திருந்தாலும் கவலை வேண்டாம். நரம்பை இணைக்கும் அறுவையைப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம், மேலே சொன்ன 28 பேரும் ஏற்கனவே உறுப்பிழந்து வலியோடு வாழ்ந்தவர்கள்தாம். இன்றைக்கே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படுக்கும்போது இதமாக இருக்கிறதென்று எஞ்சிய காலின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மூட்டு மடங்கியபடியே சில வாரங்களில் இறுகிவிடும், இறுகிய முழங்காலில் இன்றுள்ள செயற்கைக் காலையும் சரியாகப் பொருத்த முடியாது, நாளை வரப்போவதையும் பொருத்த முடியாது. முழங்காலை நீட்டியே வைத்திருக்கச் செய்யுங்கள்; மருத்துவர் அனுமதித்தால் ஒரு நாளில் பல முறை குப்புறப் படுக்கச் செய்து, இல்லாத பாதத்தை மேலும் கீழும் அசைப்பதாக நினைத்துத் தசைகளை இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள்.